லாமாவுக்கு என்ன தீனி? ஆட்டுத் தீவன மூட்டை ஏன் ஆகாது?

கேள்வி இதுதான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வில்லாமெட் பள்ளத்தாக்கில், 5 ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறார் ஒரு தமிழர். ஏழெட்டு வெள்ளாடுகள் வளர்க்கிறார். கயோட்டி என்னும் ஓநாய்ச் சாதிக் காட்டுவிலங்கின் தொல்லைக்குக் காவலாக, தென் அமெரிக்க ஒட்டக இனப் பிராணியான லாமா இரண்டைப் பிடித்து வந்துவிட்டார். ஒன்று காயடித்த ஆண், மற்றது சினையான பெட்டை. ஆட்டுக்குப் போடும் தீவனத்தையே இவற்றுக்கும் போடலாமா, குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா) எவ்வளவு, தானியம் எவ்வளவு, வீட்டில் மிஞ்சுகிற சோறு ஆகுமா, குளிர்காலத்துக்கு எத்தனை கட்டுப் புல் வாங்கி அடுக்க வேண்டும் என்று கேட்கிறார்.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆண் லாமாவுக்குச் சுமாரான தரத்தில் உலர்ந்த புல், லாமாவுக்கென்றே தயாரித்த தாது உப்புக் கலவை, நல்ல தண்ணீர், இது போதும். பெட்டைக்குச் சினையின் கடைசி மூன்று மாதமும் பால் கொடுக்கும் காலமும் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். ஆட்டுத் தீவனம் வேண்டாம். சோறு வேண்டவே வேண்டாம். எனக்குத் தெரிந்தவரை, பொழுதுபோக்குக்கு வளர்ப்பவர்கள் கையில் லாமா மெலிந்து கெடுவது குறைவு. பாசத்தில் வாளி வாளியாகக் கொட்டி, கொழுத்துக் கெடுவதுதான் அதிகம்.

காரணம் அது பிறந்து வளர்ந்த மண்ணில் இருக்கிறது. பெருவிலும் பொலிவியாவிலும் 3,500 மீட்டருக்கு மேலே விரிந்து கிடக்கும் ஆல்டிப்ளானோ பீடபூமிதான் அதன் ஊர். மழை என்று சொல்லத்தக்கது டிசம்பரிலிருந்து மார்ச் வரை. மீதி மாதமெல்லாம் காய்ந்த காற்று, ராத்திரியில் உறைபனி. அங்கே கிடைப்பது இச்சு என்னும் முரட்டுப் புல். ஊசி ஊசியாகக் குத்திட்டு நிற்கும், ஊர்க்காரர்கள் கூரை வேய்வதும் அதை வைத்துத்தான். வறண்ட மாதங்களில் அதில் புரதம் 5 சதவீதம் தேறுவதே கஷ்டம். ஊற்று நீர் பாய்ந்து பச்சைப்பசேலென்று இருக்கும் மேய்ச்சல் நிலங்களும் உண்டு, போஃபெடால் என்பார்கள், ஆனால் அங்கே மேய்வது பெரும்பாலும் லாமாவின் சின்ன உறவான அல்பாக்கா. லாமா மேட்டுக்குப் போய் இச்சுவையும் தோலாப் புதரையும் கடித்துக்கொள்ளும். அந்தத் தீனியில் ஊறின உடம்பை வைத்துக்கொண்டுதான் 25, 30 கிலோ உப்பைச் சுமந்து, உயுனி உப்புவெளியிலிருந்து கீழே மக்காச்சோளம் விளையும் பள்ளத்தாக்குகளுக்குப் பல நாள் நடந்திருக்கிறது.

இதற்கு ஈடுகொடுக்கிறது அதன் வயிறு. மாடு, ஆட்டுக்கு நாலு அறை என்றால் லாமாவுக்கு மூன்றுதான். அசை போடும், ஆனால் ஆட்டின் கணக்கு அப்படியே செல்லாது. முதல் அறை மட்டுமே மொத்தக் கொள்ளளவில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் பிடித்துக்கொள்கிறது. உள்ளே போன புல் செம்மறியின் வயிற்றில் கிடப்பதைவிடப் பல மணி நேரம் கூடுதலாக அங்கே ஊறி நொதிக்கிறது. புரதம் குறைந்த தீனி என்றால், சிறுநீரில் வெளியேற வேண்டிய யூரியாவை உடம்பு மறுபடியும் வயிற்றுக்கே திருப்பி, அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதிலிருந்து புரதம் உண்டாக்கிக்கொள்கின்றன. இப்படிச் சக்கையிலிருந்து சத்து பிழியப் பழகிய பிராணிக்கு முன்னால் முதல் தரக் குதிரைமசாலைக் கொண்டுபோய்ப் போட்டால் என்ன ஆகும்? தின்னும், கொழுக்கும், கேட்டுக் கேட்டு மறுபடியும் தின்னும்.

இனி அளவுக்கு வருவோம். வளர்ந்த லாமா ஒரு நாளைக்குத் தன் எடையில் சுமார் 1.8 முதல் 2 சதவீதம் உலர்பொருள், அதாவது ஈரம் போக மிஞ்சும் தீனி, தின்றால் சரி. உங்களுடையது 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம்; உலர்பொருள் ஏறக்குறைய 3 கிலோ. கட்டிய புல்லிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும், காலில் மிதிபட்டு வீணாவதும் உண்டு, ஆக ஒரு லாமாவுக்கு நாளைக்கு மூன்றரைக் கிலோ. இரண்டுக்கும் 7 கிலோ. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை உங்கள் பக்கம் வயல் சேறாகத்தான் இருக்கும், புல்லை நம்ப முடியாது, அந்த 180 நாளுக்கு 1,260 கிலோ. உங்கள் ஊர்ச் சின்னக் கட்டு 25, 30 கிலோ எடை வரும் என்றால், ஐம்பத்தைந்து கட்டு வாங்கி அடுக்கினால் தாராளம். ஆடுகளுக்குத் தனிக் கணக்கு.

என்ன புல்? ஆர்ச்சர்டு புல்லோ திமோதியோ, ரொம்ப முற்றாமல், ரொம்பப் பிஞ்சாகவும் இல்லாமல் அறுத்தது. புரதம் 8 முதல் 10 சதவீதம் இருந்தால் ஆணுக்குப் போதும். 12 வரை இருந்தால் பெட்டைக்கு நல்லது. கண்ணால் பார்த்துப் புரதத்தைச் சொல்ல முடியாது. பச்சையாக இருப்பதெல்லாம் சத்தானது அல்ல. நாலைந்து கட்டில் துளைபோட்டு மாதிரி எடுத்துத் தீவன ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் செலவு செய்யத்தக்கது. கட்டைப் பிரித்ததும் மூக்கில் வைத்துப் பாருங்கள். பூஞ்சை வாடை வந்தாலோ உதறும்போது வெள்ளையாகப் புழுதி பறந்தாலோ அதை உரக்குழியில் போட்டுவிடுங்கள்.

உங்கள் ஊருக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வில்லாமெட் பள்ளத்தாக்கு புல் விதைக்குப் பேர்போன இடம். ரை புல்லும் ஃபெஸ்க்யூ புல்லும் விதைக்காகவே ஏக்கர் கணக்கில் பயிரிட்டு, விதை எடுத்தபின் தாளைக் கட்டாகக் கட்டி மலிவாக விற்பார்கள். விளையாட்டு மைதானத்துக்கும் வீட்டுப் புல்தரைக்கும் போகும் ரகங்களில் பலவற்றுள் எண்டோஃபைட் என்னும் பூஞ்சை குடியிருக்கும். பூச்சி அரிக்காமல் புல்லைக் காப்பதே அதுதான், அதனால் விதைக்காரர்களுக்கு அது வேண்டியது. தின்கிற பிராணிக்கு விஷம். ரை புல்லில் இருக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கும்: தலை லேசாக நடுங்கும், விரட்டினால் கால் பின்னிக்கொண்டு விழும், விட்டுவிட்டால் எழுந்து நிற்கும். லாமாவும் அல்பாக்காவும் இதற்குச் சீக்கிரம் ஆட்படும். ஃபெஸ்க்யூவில் இருப்பது ரத்தக் குழாயைச் சுருக்கும், பாலை வற்றடிக்கும். சினைப் பெட்டை வைத்திருப்பவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த நஞ்சுகளை அளந்து சொல்லவே ஓர் ஆய்வகம் இருக்கிறது என்றால் பிரச்சினையின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வயல்காரர் பாதி விலைக்குத் தாள் தருகிறேன் என்றால், சோதனைச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சீட்டு இல்லையென்றால் அதைப் படுக்கைக்குக்கூட வாங்க வேண்டாம், விரித்ததையும் லாமா தின்னும்.

குதிரைமசால்: ஆணுக்கு வேண்டாம். புரதம் 18, 20 சதவீதம், சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். கொழுப்பு ஒரு பக்கம், சிறுநீர்ப்பாதையில் கல் இன்னொரு பக்கம். காயடித்த ஆணின் சிறுநீர்க்குழாய் குறுகல், சின்னக் கல்லே அடைத்துவிடும். புழுக்கை போடும் இடத்தில் போய் நெடுநேரம் முக்கிக்கொண்டு நிற்கிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தானியம் நிறையப் போட்டாலும் கல் வரும். அது பாஸ்பரஸ் ஏறி வருவது. சுண்ணாம்பும் பாஸ்பரஸும் ஒன்றரை அல்லது இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். சாதாரணப் புல் கொடுத்தால் இந்தக் கணக்குப் பார்க்கும் வேலையே பெரும்பாலும் வராது.

ஆட்டுத் தீவனம் ஏன் ஆகாது என்பதற்கு இரண்டு காரணம். அமெரிக்காவில் விற்கும் ஆட்டுக் குச்சித் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமலிருக்க மோனென்சின் என்னும் மருந்தைக் கலப்பது உண்டு. மாட்டுத் தீவனத்திலும் கலப்பார்கள், கறிக்கோழித் தீவனத்தில் சாலினோமைசின் இருக்கும். இவை அயனோஃபோர் என்ற ஒரே குடும்பம். ஒட்டக இனத்துக்கு, லாமாவும் அதில் சேர்த்தி, இவை இதயத் தசையையும் மற்றத் தசைகளையும் சிதைத்துச் சாகடிக்கும் நஞ்சு. முறிப்பு மருந்து கிடையாது. ஒரே ஆலையில் கோழித் தீவனம் அரைத்த இயந்திரத்தில் அடுத்தது லாமாத் தீவனம் அரைத்தால்கூட ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே குச்சித் தீவனம் வாங்குவதானால் இந்த மருந்துகளையே கையாளாத ஆலை எது என்று விசாரியுங்கள்.

இரண்டாவது, தாமிரம். ஆட்டுக்குத் தாமிரம் நிறைய வேண்டும், ஆட்டு உப்புக் கலவையில் அள்ளிப் போட்டிருப்பார்கள். இந்த விஷயத்தில் லாமா ஆட்டின் பக்கம் இல்லை, செம்மறியின் பக்கம். வேண்டாத தாமிரம் ஈரலில் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது, பிறகு ஒரு நாள் திடீரென்று தீனி எடுக்காமல் படுக்கும். இரண்டும் ஒரே தொழுவில் இருக்கும்போது எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். லாமாவின் உப்புத் தட்டை அதன் மார்பு உயரத்துக்குச் சுவரில் ஆணியடித்து வையுங்கள். கீழே ஆடு ஏறி நிற்க மேடையோ கல்லோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாத மேடையையும் ஆடு கண்டுபிடிக்கும் என்பது வேறு விஷயம். ஆட்டின் உப்பைத் தடுப்புக்குள் வைத்து, ஆடு நுழையும் அளவுக்கு மட்டும் சந்து விடுங்கள். லாமாவுக்கு உப்பு தூளாகத்தான் இருக்க வேண்டும். அதன் நாக்கு வெளியே நீளாது, பெற்ற குட்டியைக்கூட அது நக்குவதில்லை, கட்டி உப்பை நக்கித் தேவையானதை எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

சோற்றுக்கு வருவோம். மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் பொங்கலை உருட்டி உருட்டி ஊட்டிவிட்டு, மறுநாள் வயிறு உப்பின மாட்டைக் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போகும் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லாமாவின் முதல் அறையிலும் அதே கதைதான். மாவுச்சத்து மொத்தமாக இறங்கினால் அமிலம் சுரந்து, நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சல், தள்ளாட்டம், கடைசியில் சாவு. சோறு, சப்பாத்தி, ரொட்டி, மக்காச்சோளம், கோதுமை எதுவும் வாளியில் வேண்டாம். கூப்பிட்டால் வரப் பழக்க வேண்டுமே என்றால், ஒரு காரட்டை நீளவாக்கில் நறுக்கிக் கையில் வைத்துக் கொடுங்கள். குச்சித் தீவனம் கொஞ்சம் கொடுக்கிற நாளில் அகலமான தட்டில் பரப்பி, நடுவே கையளவு கூழாங்கற்கள் நாலைந்து போட்டுவையுங்கள். பொறுக்கிப் பொறுக்கித் தின்ன வேண்டியிருக்கும். அவசரத்தில் விழுங்கித் தொண்டை அடைத்துக்கொள்வது லாமாவில் அடிக்கடி நடப்பது.

கொழுத்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்பதைக் கண்ணை நம்பித் தீர்மானிக்காதீர்கள். மயிர் மூடியிருக்கும் லாமா எலும்பும் தோலுமாக இருந்தாலும் உருண்டையாகத்தான் தெரியும். மாதம் ஒருமுறை தோளுக்குப் பின்னால், முதுகின் நடுவில், மயிரை விலக்கிக் கையை வையுங்கள். பெருவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாக முதுகெலும்பின் மேல் கவிழ்க்க வேண்டும். எலும்பின் நுனி லேசாகத் தட்டுப்பட்டு, இரு பக்கமும் கூரைபோல் நேராகச் சரிந்தால் சரியான உடம்பு. பக்கங்கள் உள்ளே குழிந்து எலும்பு கத்திபோல் நின்றால் மெலிவு. எலும்பே தட்டுப்படாமல் தட்டையாகவோ புடைத்தோ இருந்தால் புல்லைக் குறைக்க வேண்டிய நேரம். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும், தராசு இல்லாத குறை தெரியாது. வயதான லாமா நன்றாகத் தின்றும் மெலிகிறது என்றால் கடைவாயில் பல்லைப் பாருங்கள். பல் போனதற்கு ஊறவைத்த குச்சித் தீவனமும் நறுக்கிய புல்லும்தான் வழி. பல் நன்றாக இருந்தும் மெலிந்தால் குடற்புழு, மேற்கு ஓரிகனின் ஈர வயல்களில் ஈரல் புழுவும் கூட. புழுக்கையைச் சோதிக்கக் கொடுங்கள், தீனியைக் கூட்டிப் பயனில்லை.

சூரியனும் ஒரு தீனிதான் என்பது ஓரிகனில் விளங்கும். ஆல்டிப்ளானோவில் அடிக்கும் வெயிலில் புற ஊதாக் கதிர் மிக அதிகம். அதற்குப் பழகிய தோல், மேலே அடர்ந்த மயிர். அந்தப் பிராணி 45 டிகிரி வடக்கில், அக்டோபர் முதல் மார்ச் வரை மேகமூட்டத்துக்குக் கீழே நின்றால் வைட்டமின் டி உடம்பில் போதிய அளவு உண்டாவதில்லை. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பிறந்த குட்டிகள் சில மாதத்தில் முதுகு வளைந்து, முட்டி வீங்கி, நடக்கவே தயங்குவதை உங்கள் பக்கத்துக் கோர்வாலிஸில் இருக்கும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 1990களில் ஆராய்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸும் வைட்டமின் டியும் குறைந்து வரும் எலும்பு நோய் என்று காட்டினார்கள். இன்று அந்தப் பகுதியில் குளிர்காலம் முழுவதும் குட்டிகளுக்கு இடைவெளி விட்டு வைட்டமின் டி ஊசியோ வாய்வழி மருந்தோ கொடுப்பது வழக்கம். அளவு மருத்துவர் சொல்வதுதான். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். செலினியமும் அப்படியே. மேற்கு ஓரிகன் மண்ணில் அது மிகக் குறைவு, புல்லிலும் இராது, பற்றாத குட்டிகளுக்குத் தசை வெளிறிப் பலமிழக்கும். ஆனால் தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம்தான். உப்புக் கலவையில் இருப்பதோடு ஊசியும் போட்டு மேலே வேறு மருந்தும் ஊற்றினால் தொலைந்தது. ரத்தம் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பெட்டைக்கு வருகிறேன். சினைக்காலம் பதினொன்றரை மாதம். முதல் எட்டு மாதம் ஆணுக்குப் போடும் அதே புல் போதும். சினை என்று சொல்லி முதல் நாளிலிருந்தே ஊட்டினால் பிரசவத்தில்தான் வினை. கடைசி மூன்று மாதம் குட்டி வேகமாக வளரும், வயிற்றில் இடமும் குறையும். அப்போது நாலு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு குதிரைமசால் சேர்க்கலாம், மொத்தப் புரதம் 12 சதவீதத்தை ஒட்டி வரட்டும். பால் கொடுக்கும் முதல் மூன்று நாலு மாதம் 13, 14 வரை போகலாம். இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஆண் குதிரைமசாலைத் தட்டிப் பறிக்கும், அதனால் அந்த ஒரு வேளை மட்டும் வேறு அடைப்பில் விட்டுப் போடுங்கள்.

இந்தக் காலத்தில் பெட்டை ஒரு வேளை தீனியை முகர்ந்துவிட்டு ஒதுங்கினால் அதை லேசாக எடுக்காதீர்கள். லாமாவின் ரத்தத்தில் சர்க்கரை இயல்பாகவே அதிகம், இன்சுலின் குறைவு. தீனி நின்றால் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ப் படியும். இரண்டு மூன்று நாளில் ஈரல் செயலிழக்கும் நிலைக்குப் போகலாம். கொழுத்த பெட்டைக்கு இது இன்னும் வேகம். நோயை மறைக்கத் தெரிந்த பிராணி என்பதால், வெளியே தெரியும்போது உள்ளே பாதி முடிந்திருக்கும்.

குட்டி பிறந்தால் எடை 9 முதல் 14 கிலோ வரை இருக்கும். தாயின் வயிற்றிலிருந்து நோய் எதிர்ப்பு அதற்கு வராது, எல்லாம் சீம்பாலில்தான். முதல் சில மணி நேரத்துக்குள் குடித்திருக்க வேண்டும், ஒரு நாளுக்குள் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். 11 கிலோக் குட்டி என்றால் ஒரு லிட்டருக்குச் சற்று மேலே. தாயிடம் சுரக்கவில்லையென்றால் ஆட்டின் சீம்பால் நன்றாகவே உதவும். உங்களிடம் ஆடு இருக்கிறது, நோயில்லாத ஆடு ஈனும்போது கொஞ்சம் கறந்து உறைபெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். குட்டியைத் தினமும் எடை போடுங்கள், குளியலறைத் தராசு போதும், நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறிக் கழித்துக்கொள்ளலாம். முதல் நாள் சற்று இறங்கினாலும் பிறகு நாளுக்குக் கால் கிலோவாவது ஏற வேண்டும். புட்டிப்பால் தவிர்க்க முடியாது என்றால் கொடுத்துவிட்டு உடனே மந்தையில் விடுங்கள். ஆண் குட்டியைக் கொஞ்சி வீட்டுப்பிள்ளையாக வளர்த்தால் பெரிதானதும் மனிதரையே போட்டியாளராக நினைத்து மார்பால் இடித்துத் தள்ளும். பால் மறக்கடிப்பது ஆறு மாதத்தில்.

மேய்ச்சலில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஏப்ரல், மே மாதத் தளிர்ப்புல் சத்து மிகுந்தது, காலையில் உலர்ந்த புல் தின்ற பிறகு இரண்டு மணி நேரம் விட்டால் போதும், மெல்லக் கூட்டலாம். வேலியோரத்து ரோடோடென்ட்ரான், அசேலியா இரண்டையும் வேரோடு எடுங்கள். ஓரிகனில் வீட்டுக்கு வீடு அழகுக்கு நட்டிருப்பார்கள். சில இலை போதும், லாமா பச்சை நுரையாகக் கக்கிக்கொண்டு படுத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கத்தரித்த கிளையை அன்பளிப்பாக வேலிக்கு மேல் வீசுவதுதான் பெரிய ஆபத்து, ஒரு தடவை நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். யூ மரமும் வாடிய செர்ரி இலையும் அதே பட்டியல். மஞ்சள் பூப் பூக்கும் டான்சி ராக்வர்ட் களை ஈரலைத் தின்னும். புல் கட்டுக்குள் காய்ந்து வந்தாலும் விஷம் போகாது.

தண்ணீர் நாளைக்கு எட்டு, பத்து லிட்டர் குடிக்கும், வெயிலில் இன்னும் அதிகம். 2021 ஜூன் 28 அன்று போர்ட்லண்டில் 46.7 டிகிரி வந்தது நினைவிருக்கும். வசந்தத்திலேயே மயிர் வெட்டி, நிழலில் இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்றை ஆண் காவல் காத்துக்கொண்டு நின்றாலும் பெட்டைக்கு மற்றது கிடைக்கும். புல் வைக்கும் தொட்டியும் மார்பு உயரத்தில் இரண்டு இருக்கட்டும். தலைக்கு மேல் வலை கட்டித் தொங்கவிட்டால் விதையும் தூசியும் கண்ணில் விழும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: விற்றவரிடம் இதுவரை தின்ற புல்லில் நாலைந்து கட்டுக் கேட்டு வாங்கி, உங்கள் புல்லோடு கலந்து, பத்துப் பதினைந்து நாளில் மெல்ல மாற்றுங்கள். கொட்டகையில் இருக்கும் ஆட்டுத் தீவன மூட்டையின் சீட்டில் மோனென்சின், தாமிரம் என்ன அளவு என்று பார்த்து, பெட்டை எந்த மாதம் ஈனும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுக் குதிரைமசாலை எந்த வாரத்தில் தொடங்குவது என்று சொல்கிறேன்.